ஜாவா லாக் கோப்புகள்: முதலில் பெயர், அப்புறம் ரொட்டேஷன்

ஆர்டர் ஒன்று செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது, அந்த நேரத்து லாக்கை (செயலி தன் வேலையைப் பற்றி எழுதும் பதிவுகளை) பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வியாழக்கிழமை ஒரு கேள்வி வந்தது. சர்வரில் லாக் ஃபோல்டரைத் திறந்தால் கிடைத்த பட்டியல் இப்படி ஆரம்பித்தது:

சர்வர்.லாக்.0
சர்வர்.லாக்.0.எல்சிகே
சர்வர்.லாக்.0.1
சர்வர்.லாக்.0.1.எல்சிகே
சர்வர்.லாக்.1
சர்வர்.லாக்.1.1

இதில் செவ்வாய் எது? பெயரை வைத்துச் சொல்ல வழியே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தபோது, இருந்ததிலேயே பழைய வரி புதன் இரவுக்குரியது. கேட்ட லாக் டிஸ்க்கிலிருந்து போய்விட்டிருந்தது. அதற்கப்புறம் அந்தச் செயலியின் லாக் அமைப்பை அடியிலிருந்து மாற்றினேன். மாற்றும்போது எடுத்த முடிவுகளையும் காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். என் கருத்து ஒன்றுதான்: ரொட்டேஷனைப் பற்றி, அதாவது கோப்புகளை எப்போது சுழற்றிப் பழையதை அழிப்பது என்பதைப் பற்றி, யோசிக்கும் முன் கோப்பின் பெயரை முடிவுசெய்ய வேண்டும். பெயர் சரியாக இருந்தால் மற்ற அமைப்புகள் அதிலிருந்தே வந்துவிடும். பெயர் தவறினால் எவ்வளவு டிஸ்க் கொடுத்தாலும் தேடும் நேரத்தில் பயன்படாது.

முதலில் அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தேன். செயலி ஜாவாவோடு வரும் ஜாவா.யூடில்.லாகிங் தொகுப்பைத்தான் பயன்படுத்தியது. கோப்பில் எழுதும் அதன் ஃபைல்ஹேண்ட்லர், கோப்புப் பெயரின் வடிவத்தைச் சொல்லும் ஒரு பேட்டர்ன் கேட்கும். அதில் %ஹெச் என்றால் பயனரின் ஹோம் ஃபோல்டர், %டி என்றால் தற்காலிக ஃபோல்டர், %ஜி என்றால் தலைமுறை எண், %யூ என்றால் மோதலைத் தவிர்க்கும் எண். நம் பேட்டர்னில் கடைசி இரண்டும் இல்லை, வெறும் சர்வர்.லாக் மட்டும்தான். கவுண்ட் (வைத்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை) ஒன்றுக்கு மேல் இருந்து %ஜி இல்லாவிட்டால், ஹேண்ட்லர் தானாகவே கடைசியில் ஒரு புள்ளி வைத்துத் தலைமுறை எண்ணைச் சேர்த்துவிடும். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொருவர் பூட்டு போட்டிருந்தால், இன்னொரு புள்ளி வைத்து மோதல் எண்ணையும் சேர்க்கும். எல்சிகே என்று முடிவதுதான் அந்தப் பூட்டுக் கோப்பு. ஆக, சர்வர்.லாக்.0.1 என்பது 'இரண்டாவது ப்ராசஸின் இப்போதைய கோப்பு' என்று பொருள். ஒரே மெஷினில் ஒரே ஃபோல்டரைக் குறிவைத்து இரண்டு ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் ப்ராசஸ்) ஓடிக்கொண்டிருந்தன. எது முதலில் எழுந்ததோ அதற்குச் சுத்தமான பெயர், அடுத்து வந்ததற்கு ஒட்டு எண். ரீஸ்டார்ட் வரிசை மாறினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நேற்று ஒட்டு எண் இல்லாத கோப்பில் எழுதிய ப்ராசஸ் இன்று ஒன்று போட்ட கோப்பில் எழுதும்.

தலைமுறை எண்ணிலும் ஒரு சங்கடம் உண்டு. பூஜ்யம்தான் எப்போதும் புதியது. லிமிட் (ஒரு கோப்பின் அளவு வரம்பு) நிரம்பியதும் 0 என்பது 1 ஆகிறது, 1 என்பது 2 ஆகிறது, கடைசியில் இருப்பது அழிகிறது. அதாவது ஒரு கோப்பின் பெயர் அதன் வாழ்நாளில் மாறிக்கொண்டே இருக்கும். 'மூன்றாம் எண் கோப்பைப் பார்' என்று ஒருவருக்குச் செய்தி அனுப்பி, அவர் பார்ப்பதற்குள் அது நான்காகியிருக்கலாம். அப்புறம், ஃபைல்ஹேண்ட்லரில் அளவு வைத்து மட்டுமே சுழற்ற முடியும், தேதி வைத்துச் சுழற்ற வழி இல்லை. நம்மிடம் இருந்தது 10 எம்பி லிமிட், கவுண்ட் 5. வேலை அதிகமான நாளில் 50 எம்பி ஒரு நாளுக்குக்கூடப் போதாது. செவ்வாய் காணாமல் போனது இப்படித்தான்.

இருக்கும் கோப்பின் முடிவிலேயே தொடர்ந்து எழுதலாமா என்று சொல்லும் அப்பெண்ட் என்ற அமைப்பையும் கவனிக்க வேண்டும். இயல்பாக அது ஃபால்ஸ். அந்த நிலையில் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் ஒரு சுழற்சி நடக்கும், கோப்பு நிரம்பியதா என்று பார்க்காது. தொடர்ந்து விழுந்து எழும் செயலி ஐந்து தடவை ரீஸ்டார்ட் ஆனால், முதலில் ஏன் விழுந்தது என்று சொல்லும் லாக் போய்விடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் லாக்கை அழிக்கும் அமைப்பு இது.

மாற்று வழிகளில் ஒன்று, லாக் கோப்புகளை வெளியிலிருந்து சுழற்றும் லினக்ஸ் கருவியான லாக்ரொட்டேட். அதை மற்ற சேவைகளுக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். ஆனால் ஜாவா செயலிக்கு அது அவ்வளவு பொருந்தாது. லாக்ரொட்டேட் கோப்பின் பெயரை மாற்றினாலும், திறந்து வைத்திருக்கும் ஜேவிஎம் அதே பழைய கோப்பில்தான் எழுதிக்கொண்டிருக்கும். லினக்ஸில் திறந்த கோப்பு பெயரைச் சார்ந்து இல்லை. அதைச் சமாளிக்க காப்பிட்ரங்கேட் என்ற அமைப்பு இருக்கிறது. கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தை வெறுமையாக்கும். நகலெடுத்து முடிவதற்கும் வெறுமையாக்குவதற்கும் நடுவே எழுதப்படும் வரிகள் தொலையும். ஆர்டர் சம்பந்தப்பட்ட செயலியில் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தன் கோப்பைத் தானே சுழற்றும் நூலகம்தான் சரி என்று லாக்பேக்குக்கு மாறினேன்.

பழைய நிரல் முழுவதும் ஜாவா.யூடில்.லாகிங்கை நேரடியாக அழைத்தது. எல்லாவற்றையும் மாற்றி எழுதாமல், பழைய அழைப்புகளை லாக்பேக்குக்குக் கடத்தும் எஸ்எல்எஃப்4ஜேயின் பாலத்தை வைத்தேன். செயலி எழுந்ததும் பழைய ரூட் லாகரின் ஹேண்ட்லர்களை நீக்கிவிட்டு பிரிட்ஜ் ஹேண்ட்லரை நிறுவினால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: லாக்பேக் கான்ஃபிகில் லெவல்சேஞ்ச்ப்ரோபகேட்டர் என்ற லிசனரைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், லாக்பேக்கில் அணைத்து வைத்த வரிகள்கூடப் பாலம் வரை வந்து அங்கே தள்ளுபடியாகும். வரிகள் அதிகமுள்ள செயலியில் அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியும். லிசனர் இருந்தால் லெவல் (எந்த முக்கியத்துவம் உள்ள வரி வரை எழுத வேண்டும் என்ற அமைப்பு) பழைய பக்கத்துக்கும் போய்ச் சேரும், வேண்டாத வரி பிறந்த இடத்திலேயே நின்றுவிடும்.

சரி, பெயருக்கு வருவோம். யோசித்து வைத்தது இந்த வடிவம்:

ஆர்டர்-ஏ.2025-03-14.0.லாக்.ஜிஇசட்

முதலில் செயலி, அடுத்து எந்த இன்ஸ்டன்ஸ் (ஓடும் பிரதிகளில் எது), பிறகு தேதி, பிறகு அன்றைய எத்தனையாவது துண்டு, கடைசியில் சுருக்கிய கோப்பு என்ற அடையாளம். தேதியில் ஆண்டு முன்னால், மாதம் நடுவில், நாள் கடைசியில். அப்படி எழுதினால்தான் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகும். நாள் முன்னால் வந்தால் எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். மணியும் நிமிடமும் வேண்டுமானால் நடுவே முக்கால் புள்ளி வைக்கக்கூடாது. விண்டோஸ் கோப்புப் பெயரில் அதை அனுமதிக்காது. இன்று லினக்ஸில் மட்டும் ஓடினாலும், ஒருவர் அந்தக் கோப்பைத் தன் விண்டோஸ் மடிக்கணினிக்கு இறக்கும் நாள் வரும்.

இன்ஸ்டன்ஸ் அடையாளத்துக்கு ப்ராசஸ் எண்ணை வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ப்ராசஸ் எண் மோதாது, தானாகவே கிடைக்கும், உண்மைதான். ஆனால் லாக்பேக் பழைய கோப்புகளை அழிக்கும்போது, தன் இப்போதைய பேட்டர்னுக்குப் பொருந்துபவற்றை மட்டுமே தன்னுடையதாக நினைக்கும். ப்ராசஸ் எண் பேட்டர்னுக்குள் போய்விட்டால், அடுத்த ரீஸ்டார்ட்டில் வேறு எண், வேறு பேட்டர்ன். முந்தைய எண்ணில் இருக்கும் கோப்புகளை இனி யாரும் உரிமை கோரமாட்டார்கள். முப்பது நாள் மட்டும் வை என்று எழுதியிருந்தாலும் டிஸ்க் மெல்ல நிரம்பிக்கொண்டே போகும். அதனால் ரீஸ்டார்ட்டைத் தாண்டி நிலைக்கும் பெயர் வேண்டும். ஏ, பி என்று வைத்து, ஜாவா கட்டளையில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாகக் கொடுத்தேன். கொடுக்க மறந்தால் 'தனி' என்ற இயல்பு மதிப்பு வரும்படி கான்ஃபிகில் எழுதியிருக்கிறேன். ஃபோல்டரில் அந்தப் பெயர் தென்பட்டால் யாரோ ஸ்கிரிப்டைத் தாண்டிக் கையால் ஓட்டியிருக்கிறார்கள் என்று உடனே தெரியும்.

கான்ஃபிகில் அப்பெண்டர் (லாக்கைக் கோப்பில் எழுதும் பகுதி) ரோலிங்ஃபைல் வகை, அதன் பாலிசி சைஸ்அண்ட்டைம்பேஸ்ட், அதாவது அளவையும் நேரத்தையும் வைத்துச் சுழற்றுவது. இந்தப் பாலிசிக்குப் பேட்டர்னில் %டி, %ஐ இரண்டும் கட்டாயம். இங்கே %டி என்பது தேதி, முன்பு சொன்ன தற்காலிக ஃபோல்டர் இல்லை. %ஐ பூஜ்யத்தில் ஆரம்பித்து அன்றைக்குள் ஏறும், மறுநாள் மீண்டும் பூஜ்யம். ஒரு தடவை சூட்டிய பெயர் பிறகு மாறுவதில்லை. முந்தைய அமைப்போடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய நிம்மதி. ஒரு நாளில் பத்துத் துண்டுக்கு மேல் போனால் பெயர் வரிசையில் 10 என்பது 2-க்கு முன்னால் வரும். எல்எஸ் கட்டளைக்குச் சிறிய வி கொடுத்தால் எண்களை எண்களாக வரிசைப்படுத்தும்.

லாக்பேக்கில் சுழற்சியின் கால அளவை எங்கும் தனியாக எழுதுவதில்லை. %டிக்குள் இருக்கும் தேதி வடிவத்தைப் பார்த்து அதுவே கண்டுபிடிக்கிறது. நாள் வரை இருந்தால் நாளுக்கு ஒன்று, மணி வரை இருந்தால் மணிக்கு ஒன்று, மாதம் வரை என்றால் மாதத்துக்கு ஒன்று. இதனால்தான் பெயர் முதலில் என்கிறேன். இங்கே பெயர்தான் கால அட்டவணை. அதனால் ஒரு எழுத்து பிசகினாலும் விளைவு பெரியது.

மாதத்துக்குப் பெரிய எம் இரண்டு, நிமிடத்துக்குச் சின்ன எம் இரண்டு. மாதத்தின் இடத்தில் சின்ன எம் போட்டுவிட்டால் செயலி பிழை சொல்லாது, அமைதியாக நிமிடத்துக்கு ஒரு கோப்பு உருவாக்கும். கூடவே, எத்தனை காலத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்ற மேக்ஸ்ஹிஸ்டரியும் நிமிடக் கணக்காகிவிடும். 30 என்று எழுதியவர் முப்பது நாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார், கையில் இருப்பது அரை மணி நேர லாக்.

ஆண்டுக்குச் சின்ன ஒய் நான்கு. பெரிய ஒய் போட்டால் அது வாரக் கணக்கில் வரும் ஆண்டு. ஆண்டு முழுவதும் சரியாக இருப்பதுபோல் தெரியும், ஆண்டு மாறும் வாரத்தில் மட்டும் விலகும். 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை, அந்த வாரம் 2025-இன் முதல் வாரம். பெரிய ஒய் போட்ட பேட்டர்ன் அன்றைய கோப்புக்கு 2025-12-30 என்று பெயர் வைக்கும். ஜனவரியில் வந்து தேடுபவருக்கு டிசம்பர் 30 காணாமல் போயிருக்கும், ஓராண்டு தள்ளிய ஒரு தேதியில் கோப்பு நிற்கும். நிரல் மறுபார்வையில் கண்ணில் படாத வகைப் பிழை இது. எனவே தேதி வடிவத்தை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்துவிடுவது என் வழக்கம்.

மணிக்குப் பெரிய ஹெச் 24 மணிக் கணக்கு, சின்ன ஹெச் 12 மணிக் கணக்கு. சின்னதைப் போட்டால் காலை மூன்றும் மாலை மூன்றும் ஒரே பெயரில் மோதும். இதை மட்டும் லாக்பேக் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, பெயர்கள் மோதும் என்று எச்சரிக்கிறது. நல்ல விஷயம்.

நேர மண்டலமும் பெயரின் பகுதிதான். %டி இயல்பாக ஜேவிஎம்மின் நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். கன்டெய்னருக்குள் ஓடும் செயலிக்கு அது பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்), வெளியே ஓடுவதற்கு மெஷினின் நேரம். இரண்டும் கலந்திருக்கும் இடத்தில் ஒரே தேதி போட்ட இரண்டு கோப்புகள் வெவ்வேறு 24 மணி நேரத்தைச் சொல்லும். தேதி வடிவத்துக்குப் பின் காற்புள்ளி போட்டு யூடிசி என்று எழுதிவிட்டேன், வரிக்குள் அச்சாகும் நேரத்துக்கும் அதையே கொடுத்தேன். கோப்பின் பெயர் ஒரு மண்டலத்திலும் உள்ளே இருக்கும் வரிகள் வேறு மண்டலத்திலும் இருப்பது இரண்டில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட மோசம்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கோப்புக்கு நிலையான பெயர் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஃபைல் என்ற அமைப்பைக் கொடுத்தால் நடப்புக் கோப்பு அந்தப் பெயரில் இருக்கும், சுழலும்போதுதான் தேதிப் பெயர் கிடைக்கும். கொடுக்காவிட்டால் நடப்புக் கோப்பே தேதிப் பெயரோடு பிறக்கும், பெயர் மாற்றும் வேலையே இல்லை. நான் நிலையான பெயரைக் கொடுத்தேன், ஏனென்றால் லாக்கை அள்ளும் ஏஜெண்ட் ஒரே பெயரைத்தான் பின்தொடர்கிறது. டெயில் கட்டளையில் பார்ப்பவர்கள் சின்ன எஃப்புக்குப் பதில் பெரிய எஃப் போட வேண்டும். சின்னது சுழற்சிக்குப் பிறகும் பழைய கோப்பிலேயே உட்கார்ந்திருக்கும், பெரியது பெயரைப் பின்தொடரும்.

இங்கே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: லாக்பேக்கின் சுழற்சி கடிகாரத்தால் நடப்பதில்லை, லாக் வரி வரும்போதுதான் நடக்கும். நள்ளிரவைத் தாண்டியும் செயலி எதுவும் எழுதாவிட்டால், காலை ஆறு மணிக்கு முதல் வரி வரும் வரை நேற்றைய கோப்பு பழைய இடத்திலேயே இருக்கும். நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் நேற்றைய கோப்பை எடுத்து எங்கோ அனுப்பும் ஸ்கிரிப்ட் உங்களிடம் இருந்தால், அமைதியான இரவுகளில் அது வெறுங்கையோடு திரும்பும். எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செயலி தன் நிலையை ஒரு வரியாக எழுதும்படி வைத்தோம், ஸ்கிரிப்டை அரை மணி தள்ளினோம்.

அளவுகளுக்கு வந்தால், ஒரு துண்டுக்கு 100 எம்பி, மேக்ஸ்ஹிஸ்டரி 30, டோட்டல்சைஸ்கேப் (மொத்த அளவின் வரம்பு) 5 ஜிபி. முதலில் நாள் கணக்கில் பழையவை போகும், அதற்கப்புறமும் மொத்தம் மீறினால் பழையதிலிருந்து இன்னும் அழியும். இந்த 5 ஜிபி ஒரு அப்பெண்டருக்கு. இரண்டு இன்ஸ்டன்ஸ் என்றால் 10 ஜிபி. பிழைகளுக்கென்று தனிக் கோப்பு வைத்தால் அதற்குத் தனிக் கணக்கு. டிஸ்க்கில் இடம் ஒதுக்குபவரிடம் பெருக்கிச் சொன்ன எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

சோதிக்கும்போது நள்ளிரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. பேட்டர்னில் நிமிடம் வரை தற்காலிகமாகச் சேர்த்து, துண்டின் அளவை மிகச் சின்னதாக்கி, மேக்ஸ்ஹிஸ்டரியை 3 ஆக்கி, ஒரு லூப்பில் வரிகளைக் கொட்டினேன். கான்ஃபிகின் மேல் உறுப்பில் டீபக் என்பதை ட்ரூ ஆக்கினால் லாக்பேக் தன் சொந்த நிலையைத் திரையில் சொல்லும். எந்தத் தேதி வடிவத்தை எடுத்துக்கொண்டது, நிமிடத்துக்கா நள்ளிரவுக்கா சுழற்றப்போகிறது என்பதெல்லாம் அதில் வரும். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே பெரிய எம், சின்ன எம் குழப்பம் வெளிப்பட்டுவிடும். அளவைச் சோதிக்கும்போது துண்டுகள் கொடுத்த அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் அது கோப்பின் அளவைப் பார்ப்பதில்லை, இடைவெளி விட்டுத்தான் பார்க்கும்.

புதிய அமைப்பு ஏறிய அன்று டிஸ்க் நிரம்பியதாக ஒரு எச்சரிக்கை வந்தது. டியூ கட்டளை லாக் ஃபோல்டரில் அதிகம் இல்லை என்கிறது, டிஎஃப் கட்டளை இடமே இல்லை என்கிறது. யாரோ இடம் வேண்டுமென்று, இன்னும் நிறுத்தாத ஒரு பழைய ப்ராசஸ் எழுதிக்கொண்டிருந்த கோப்பை ஆர்எம் கொடுத்து அழித்திருந்தார்கள். பெயர் போய்விட்டது, கோப்பு போகவில்லை. ப்ராசஸ் கையை விடும்வரை இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் அந்தக் கோப்பின் வரியில், அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அதன் முழு அளவும் தெரிந்தது. ப்ராசஸை நிறுத்தியதும் இடம் திரும்பியது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் லாக்கைக் காலி செய்தே தீர வேண்டும் என்றால், அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். லாக்பேக் அப்பெண்ட் முறையில் திறப்பதால் அடுத்த வரி பூஜ்யத்திலிருந்து ஒழுங்காகத் தொடரும்.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்குத் தனி கான்ஃபிக் கோப்புகூடத் தேவையில்லை, ப்ராப்பர்ட்டிகளிலேயே பேட்டர்னையும் அளவையும் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் 10 எம்பி துண்டு, 7 நாள் என்பது இயல்பு. ஒரு வாரத்துக்கு முந்தையதைக் கேட்கும் இடத்தில் அது போதாது. லாக்4ஜே 2 என்ற இன்னொரு லாக் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் டிஃபால்ட்ரோல்ஓவர்ஸ்ட்ராட்டஜியில் மேக்ஸ் என்பதன் இயல்பு மதிப்பும் 7 தான், ஆனால் அது நாள் கணக்கு இல்லை, %ஐ எண்ணுக்கான வரம்பு. ஒரு நாளைக்குள் ஏழு துண்டுக்கு மேல் போனால் அன்றைய பழைய துண்டு அழியும், ஆறு மாதத்துக்கு முந்தைய நாளின் கோப்புகள் அப்படியே இருக்கும். நாள் கணக்கில் அழிக்க டெலீட் என்ற செயலைத் தனியாகச் சேர்த்து, பெயர் நிபந்தனையும் வயது நிபந்தனையும் கொடுக்க வேண்டும். பெயர் நிபந்தனையைத் தளர்வாக எழுதினால் பக்கத்துச் செயலியின் கோப்பும் சேர்ந்து போகும்.

கடைசியாக மீதமிருந்தது பழைய சர்வர்.லாக் கோப்புகள். அவை லாக்பேக்கின் பேட்டர்னுக்குப் பொருந்தாதவை, தானாகப் போகாது. கேள்விக்குரிய ஆர்டர் விவகாரம் முடியும்வரை அவற்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்துவிட்டு, பிறகு கையால் அழித்தேன். பேட்டர்னில் எதையாவது மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே வேலை உண்டு. அதனால் கான்ஃபிகில் பேட்டர்ன் வரிக்கு மேலேயே ஒரு கமெண்ட் எழுதி வைத்திருக்கிறேன்: இதை மாற்றினால் பழைய பெயரில் உள்ள கோப்புகளை நீங்களே அழிக்க வேண்டும்.